விழுப்புண்ணும் புகைப்புண்ணும்

‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. அதன் முழுப் பொருளையும் ஒரு மாணவன் எனக்குக் கற்பித்தான். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் பத்தாம் வகுப்பிற் பயின்ற அவன், கார்த்திகை, மார்கழி மாதங்களில் அடிக்கடி விடுப்பு விண்ணப்பத்தோடு வந்து நிற்பான். “தலைவலி, ஐயா” என்பான். நான் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், சூடு இராது. “காய்ச்சல் இல்லையே, வகுப்புக்குப் போ” என்று அனுப்பிவிடுவேன். அரையாண்டுத் தேர்வின்போது ஒரு நாள் அவன் எழுத இயலாமல் விடைத்தாளின்மேல் தலையைச் சாய்த்துக் கிடந்தான். சில நாட்களுக்குப் பின் அவன் தந்தையார் எக்ஸ்ரே படமொன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பையனின் இரு கன்ன எலும்புகளின் உள்ளறைகளிலும் சீழ் கட்டியிருந்ததாக மருத்துவர் கூறினாராம். அவர் என்மீது சினம் கொள்ளவில்லை. “பையன் பொய் சொல்லமாட்டான், ஐயா” என்று மட்டும் சொல்லிச் சென்றார்.

நான் சான்று கேட்டேன். அவனிடம் இருந்ததோ அவன் சொல் ஒன்றுதான். வெளியே தெரியாத நோயை ஒருவன் தனக்கு உண்டு என்று கூறும்போது, அவன் சொல்லை எந்த அளவுக்கு நம்புவது? ஐயம் எழுந்தால் அதன் சுமையை யார் தாங்குவது? இது தலைமையாசிரியரின் அறையில் மட்டும் எழும் வினா என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகள் தம் படைவீரர்களைக் குறித்து இதே வினாவை இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வந்திருக்கின்றன. அந்த வரலாற்றையே, சைனஸ் நோய் என்னும் ஒரு சிறு சாளரத்தின் வழியாக, இன்று உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். நம் மூக்கைச் சுற்றிலும் முக எலும்புகளுக்குள் நான்கு இணைக் காற்றறைகள் உள்ளன. நெற்றியில் ஓர் இணை; கன்னங்களில் ஓர் இணை; இரு கண்களுக்கும் நடுவே தேன்கூடுபோலச் சிறு சிறு கண்ணறைகளாக ஓர் இணை; அவற்றுக்குப் பின்னே மண்டையின் ஆழத்தில் ஓர் இணை. இவ்வறைகளின் உட்புறத்தே சுரக்கும் நீர், நுண்ணிய துளைகளின் வழியே மூக்கினுள் வடிந்துகொண்டே இருக்கும். சளியாலோ தூசியாலோ புகையாலோ துளைகள் வீங்கி அடைபட்டால் நீர் தேங்கும், கிருமி பெருகும், சீழ் பிடிக்கும். தலை கனக்கும்; கன்னமும் கண்ணடியும் தெறிக்கும்; மணமும் சுவையும் மங்கும்; இரவில் உறக்கம் கெடும். நம் முன்னோர் இதனைப் பீனிசம் என்றனர். ஆங்கில மருத்துவர் நதானியேல் ஹைமோர் 1651ஆம் ஆண்டில் வெளியிட்ட உடற்கூற்று நூலில் கன்னத்து அறையை விரிவாக விளக்கினார். அதனால் அவ்வறைக்கு நெடுங்காலம் அவர் பெயரே வழங்கியது.

இந்நோயால் உயிர் போவது அரிது. ஆயினும் ஆண்டில் பாதி நாட்களை இது தின்றுவிடும். இதற்கு வெளி அடையாளமும் இல்லை. 1895இல் எக்ஸ்ரே கதிர் கண்டுபிடிக்கப்படும் வரையில், உயிரோடு இருக்கும் மனிதனின் முக எலும்புக்குள் என்ன நிகழ்கிறது என்று தெளிவாகப் பார்ப்பதற்கு வழி இருந்ததில்லை. பண்டைத் தமிழர் மார்பில் ஏற்ற புண்ணை விழுப்புண் என்று போற்றினர். முதுகிற் பட்ட புண்ணுக்கு நாணினர். மூக்கினுள் ஏறிய புகைக்கு அவர்கள் பெயர் வைக்கவில்லை. மற்ற நாடுகளின் சட்டங்களும் தொடக்கத்தில் அவ்வாறே இருந்தன. வெட்டுண்ட கையையும் முறிந்த காலையும் கண்டுதான் அவை இரங்கின.

அமெரிக்காவில் பிளிமத் குடியேற்றத்தார் 1636ஆம் ஆண்டிலேயே, தம்மைக் காக்கப் போரிட்டு ஊனமுற்றவர்களைக் குடியேற்றமே பேண வேண்டும் என்று விதி செய்தனர். விடுதலைப் போர் தொடங்கியபின், 1776 ஆகஸ்டு 26ஆம் நாள், குடியேற்றங்களின் பேரவை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. போரில் உறுப்பிழந்தோர்க்கும், பிழைப்புக்கு உழைக்க இயலாதபடி ஊனமுற்றோர்க்கும், வாழ்நாள் முழுவதுமோ ஊனம் நீடிக்கும் வரையிலோ அரைச் சம்பளம் அளிப்பதாக அது உறுதி கூறியது. ஆனால் பேரவையின் கருவூலத்தில் பணமில்லை. கொடுக்கும் பொறுப்பு மாநிலங்களின் தலையில் விழுந்தது. உறுதிமொழி எளிது; அதனை நிறைவேற்றுதல் அரிது என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது.

1792ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் இன்னொரு சிக்கலை எழுப்பியது. ஊனமுற்ற வீரர் தம் விண்ணப்பத்தை நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். நீதிபதிகள் அவரை ஆராய்ந்து, எவ்வளவு தொகை தகும் என்று எழுத வேண்டும். அதனைப் போர்த்துறைச் செயலாளர் ஏற்கலாம், நிறுத்தியும் வைக்கலாம். இதுவே ஏற்பாடு. நீதிமன்றத்தின் தீர்ப்பை ஓர் அரசு அலுவலர் மாற்றுவதா என்று கேட்டு நீதிபதிகள் பலர் அப்பணியைச் செய்ய மறுத்தனர். வில்லியம் ஹேபர்ன் என்னும் வீரரின் விண்ணப்பம் இவ்வாறு நின்றுபோயிற்று. அடுத்த ஆண்டு சட்டத்தை மாற்றினர். நீதித்துறையின் தனியுரிமையைப் பற்றிப் பேசும் நூல்கள் இன்றும் ஹேபர்ன் வழக்கை எடுத்துக் காட்டும். ஊனமுற்ற வீரர் ஒருவரின் சிறு விண்ணப்பம் ஒரு நாட்டின் அரசியலமைப்பையே விளக்கும் வழக்காயிற்று என்பதை வரலாறு பயிலும் நீங்கள் நினைவிற் கொள்ளுங்கள்.

உள்நாட்டுப் போர் மூண்டபோது, 1862 ஜூலையில், பரந்த ஓய்வூதியச் சட்டம் ஒன்று பிறந்தது. அப்போரில் மாண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் நோயால் மாண்டவர்கள். ஆதலின் இச்சட்டம் போர்க்காயத்தோடு, கடமையாற்றும்போது பற்றிய நோயையும் ஏற்றுக்கொண்டது. முற்றிலும் உழைக்க இயலாத சாதாரணப் போர்வீரனுக்குத் திங்களுக்கு 8 டாலர் என்று வகுத்தது. விண்ணப்பம் எழுதித் தரும் தரகர்கள் வீரர்களைச் சுரண்டாதிருக்க, 1864இல் அவர்கள் பெறும் கட்டணத்துக்கு 10 டாலர் என வரம்பு கட்டினர். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த 10 டாலர் வரம்பு 124 ஆண்டுகள் மாறாமல் நின்றது. விலைவாசி ஏறிய பின் பத்து டாலருக்கு எந்த வழக்கறிஞர் வருவார்? காப்பாகக் கட்டிய வேலி காலப்போக்கில் வீரனை உள்ளே அடைக்கும் வேலியாயிற்று.

நோயையும் ஏற்றுக்கொண்டதும் ஐயங்கள் பெருகின. கையிழந்தவன் பொய் சொல்ல முடியாது. தலைவலிக்காரன் சொல்லலாம் அல்லவா? குடியரசுத் தலைவர் கிளீவ்லாண்டு தம் முதற் பதவிக் காலத்தில், 1885 முதல் 1889 வரை, தனிப்பட்டோர்க்கு ஓய்வூதியம் வழங்கும் இருநூறுக்கு மேற்பட்ட மசோதாக்களைத் தள்ளுபடி செய்தார். அவற்றுட் பல பொய்க் கோரிக்கைகள் என்பது அவர் கருத்து. 1890களின் தொடக்கத்தில் நடுவண் அரசின் வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு இவ்வோய்வூதியத்துக்கே சென்றது. பொதுப்பணம் மக்களின் வியர்வை. அதனைக் கேட்டவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுத்தல் அறமாகாது. இந்த அச்சமும் நேர்மையானதே. இதனை ஒதுக்கிவிட்டு இவ்வரலாற்றைப் படித்தால் பாதிதான் விளங்கும்.

முதல் உலகப்போரில் நச்சுவாயு வந்தது. கடுகு வாயு கண்ணையும் மூக்கையும் தொண்டையையும் நுரையீரலையும் வேகவைத்தது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்களில் பலர் ஓரிரண்டு ஆண்டுகள் கழித்தே இருமத் தொடங்கினர். “படையில் இருந்தபோது உனக்கு இந்நோய் இல்லையே” என்றது அலுவலகம். 1921ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேரவை இதற்கு ஒரு புதுவழி கண்டது. படையிலிருந்து நீங்கிய இரண்டு ஆண்டுகளுக்குள் காசநோய் தோன்றினால், அது படைப்பணியால் வந்ததென்றே கொள்ள வேண்டும் என்று சட்டம் செய்தது. வீரன் தொடர்பை மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. சட்டமே அவ்வாறு அனுமானித்துக் கொள்ளும். மறுக்க விரும்பினால் சான்று காட்ட வேண்டியது அரசின் கடமை. ஐயத்தின் சுமை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாறியது. இந்த 1921ஆம் ஆண்டு விதியை மறவாதீர்கள். நூறு ஆண்டுகளுக்குப் பின் இதன் பேரக்குழந்தையைச் சந்திக்கப்போகிறோம்.

சிதறிக் கிடந்த அலுவலகங்களை ஒன்றாக்கி 1930இல் முன்னாள் படைவீரர் நிர்வாகம் என்னும் துறையை அமைத்தனர். பொருளாதார மந்தம் நாட்டை அழுத்திய 1933ஆம் ஆண்டில், சிக்கனச் சட்டம் ஒன்று வீரர்களின் உதவித்தொகையைப் பெரிதும் குறைத்தது. அச்சட்டம் வேறொன்றும் செய்தது. இத்துறையின் முடிவை எதிர்த்து நீதிமன்றம் செல்லலாகாது என்று கதவை அடைத்தது. அதே ஆண்டு ஜூலையில் துறைக்குள்ளேயே முறையீட்டு வாரியம் ஒன்று தோன்றியது. குறைக்கப்பட்ட தொகையின் ஒரு பகுதி அடுத்த ஆண்டே திரும்பிவிட்டது. நீதிமன்றக் கதவோ அரை நூற்றாண்டுக்கு மேல் திறக்கவில்லை. மறுத்த வீட்டிலேயே முறையிட வேண்டிய நிலையில் வீரன் நின்றான்.

1941 டிசம்பரில் ஒரு நல்ல சட்டம் வந்தது. களத்தில் நேருக்குநேர் பகைவரோடு பொருதவன், தனக்குக் காயமோ நோயோ அங்கே நேர்ந்தது என்று கூறினால், அது போர்ச் சூழலோடு பொருந்துவதாயின், ஏட்டில் எழுதப்படாவிட்டாலும் அவன் சொல்லை ஏற்க வேண்டும் என்றது அச்சட்டம். குண்டு பாயும் பதுங்குகுழியில் எழுத்தர் பேரேட்டோடு உட்கார்ந்திருக்கமாட்டார் என்னும் உண்மையைச் சட்டம் ஒப்புக்கொண்டது. ஆனால் களத்துக்குப் பின்னே நின்று சமைத்தவன், வண்டியோட்டியவன், கிடங்கு காத்தவன் ஆகியோர்க்கு இச்சலுகை இல்லை. அவர்களுக்கு ஏடே சாட்சி.

அந்த ஏடு எரிந்துபோனால்? 1973 ஜூலை 12ஆம் நாள், மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகரை அடுத்த ஓவர்லாண்டில் இருந்த படைவீரர் ஆவணக் காப்பகத்தில் தீப்பற்றியது. தீ முற்றும் அணைய நான்கு நாட்களாயின. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912க்கும் 1960க்கும் இடையே தரைப்படையிலிருந்து நீங்கியவர்களின் ஆவணங்களில் நூற்றுக்கு எண்பது போயின. 1947க்கும் 1964க்கும் இடையே விமானப்படையிலிருந்து நீங்கியவர்களுள், பெயர் அகரவரிசையில் ஹப்பர்ட் என்பதற்குப் பின் வருவோரின் ஆவணங்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து போயின. படிகளும் இல்லை, நுண்படச் சுருள்களும் இல்லை. கொரியப் போரின் பனியில் சளி முற்றிப் படை மருத்துவமனையில் படுத்திருந்த ஒருவன், அதற்குச் சான்று கேட்கப்பட்டபோது சாம்பலைத்தான் காட்ட முடிந்தது. பெயரின் முதலெழுத்து ஒருவனின் முதுமையைத் தீர்மானித்தது என்றால் மிகையாகாது.

இறுதியாக 1988 நவம்பரில் நீதிமன்றக் கதவு திறந்தது. முன்னாள் படைவீரர் முறையீடுகளுக்கென்றே தனி நீதிமன்றம் ஒன்றை அமைக்கும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ரீகன் கையெழுத்திட்டார். பத்து டாலர் வரம்பும் அன்றே நீங்கியது. 1990இல் கில்பர்ட் என்பவர் வழக்கில் அந்நீதிமன்றம் சந்தேகத்தின் பலனை விளக்கியது. சான்றுகள் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக நின்றால் வெற்றி வீரனுக்கே. தெருவில் ஆடும் பேஸ்பால் ஆட்டத்தில் பந்தும் ஓடுபவனும் ஒரே நொடியில் வந்து சேர்ந்தால் ஓடுபவனுக்குச் சாதகமாகவே முடிவு சொல்வர். அதனையே நீதிபதிகள் உவமையாகக் காட்டினர். நம் கிரிக்கெட்டிலும் ஐயம் வந்தால் மட்டையாளனுக்குச் சாதகம் என்பதை நீங்கள் அறிவீர்கள். மறு ஆண்டில் இன்னொரு வழக்கில், ஆவணம் அரசின் காவலில் இருந்தபோது அழிந்திருந்தால், வீரனின் கோரிக்கையை ஆராய்வதில் அரசுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு என்றும் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாம்பலுக்கும் ஒரு குரல் கிடைத்தது.

இனி, சைனஸ் நோயால் வருந்தும் வீரர் ஒருவர் எதனை மெய்ப்பிக்க வேண்டும் என்று பார்ப்போம். மூன்று தூண்கள் வேண்டும். இப்போது நோய் இருத்தல் ஒன்று. படைப்பணியின்போது அதற்குரிய நிகழ்ச்சியோ நோயோ நேர்ந்திருத்தல் ஒன்று. இரண்டையும் இணைக்கும் பாலமாகிய மருத்துவக் கருத்து ஒன்று. முதல் தூண் எளிது. தவறுவது பெரும்பாலும் மற்ற இரண்டுமே. சளி பிடித்ததற்கெல்லாம் எந்த வீரன் படை மருத்துவரைத் தேடிப் போவான்? போனால் தோழர்கள் நகைப்பர். மூக்கைச் சிந்திவிட்டுப் பணிக்குத் திரும்புவதே ஆண்மை என்று பழக்கப்பட்டவன், இருபது ஆண்டு கழித்து, ‘உன் ஏட்டில் ஒன்றும் இல்லையே’ என்ற விடையைப் பெறுகிறான். போனவனின் ஏட்டிலோ, ‘சாதாரணச் சளி, குணமாயிற்று’ என்ற ஒரே வரி இருக்கும்.

இங்கேயும் நீதிமன்றங்கள் சில வழிகளைத் திறந்தன. மூக்கடைப்பு, தலைவலி, சீழ் வடிதல் போன்று, தன் புலன்களால் உணரக்கூடியவற்றைக் கூற ஒருவன் மருத்துவனாக இருக்க வேண்டியதில்லை என்றன. அக்காலத்து மருத்துவக் குறிப்பு இல்லை என்ற ஒன்றையே காரணமாக்கி வீரனின் சொல்லைத் தள்ளலாகாது என்று 2006இல் புக்கனன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. மனைவியின் கடிதம், உடன் பணிசெய்த தோழனின் கடிதம் ஆகியனவும் சான்றாக எண்ணப்படும். படையிற் சேர்ந்தபோது செய்த உடற்சோதனையில் குறிக்கப்படாத நோய் அன்று இல்லை என்றே கொள்ளப்படும். முன்பே இருந்தது, பணியால் மிகவும் இல்லை என்று அரசு சொல்லுமானால், அதனை மறுக்க முடியாத சான்றோடு சொல்ல வேண்டும்.

தொடர்பு ஏற்கப்பட்டபின் அளவு வருகிறது. 1996இல் திருத்திய அட்டவணை சைனஸ் நோய்க்கு நான்கு படிகள் வகுத்தது. எக்ஸ்ரே படத்தில் மட்டும் தெரிந்தால் சுழியம். படுக்கையில் வீழ்த்தி, நான்கு முதல் ஆறு வாரம் கிருமிக்கொல்லி மருந்து உண்ணவைக்கும் தாக்குதல் ஆண்டில் ஒன்றிரண்டு வந்தாலோ, தலைவலியும் வலியும் சீழுமாய்ச் சிறிய தாக்குதல் மூன்று முதல் ஆறு வந்தாலோ, நூற்றுக்கு 10. பெரியது மூன்றோ அதற்கு மேலோ, சிறியது ஆறுக்கு மேலோ வந்தால் 30. பன்முறை அறுவை செய்தும் ஏறக்குறைய ஓயாத நோயாயின் 50. சைனஸ் நோயிலிருந்து கிளைத்த வேறு நோய்கள் உண்டென்று மருத்துவர் கூறினால், அவற்றையும் சேர்த்துக் கேட்கலாம். தலைவலி, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் போன்றவற்றை இவ்வாறு பலர் கேட்கின்றனர்.

கணக்கில் விருப்பமுள்ள மாணவர்களுக்கு ஒரு புதிர். ஒருவருக்கு ஒரு நோய்க்கு 50, மற்றொன்றுக்கு 30 என்றால் மொத்தம் எவ்வளவு? எண்பது என்பீர்கள். அங்கே அவ்வாறு இல்லை. முழு மனிதன் நூறு. ஐம்பது போனால் எஞ்சியவன் ஐம்பது. அந்த ஐம்பதில் நூற்றுக்கு முப்பதே, அதாவது பதினைந்தே, அடுத்து நீங்கும். ஆக அறுபத்தைந்து, அருகிலுள்ள பத்துக்கு முழுமையாக்கினால் எழுபது. தம் வலியையெல்லாம் கூட்டி எண்பது கேட்டவர் எழுபது வந்ததைக் கண்டு ஏமாற்றப்பட்டதாக எண்ணுவர். அலுவலகம் பொய்க்கணக்குப் போடவில்லை; மனிதனை எஞ்சிய பகுதியாக எண்ணும் கணக்கு அது.

இந்த அட்டவணையும் இந்தத் தூண்களும் 1991க்குப் பின் பெருஞ்சோதனைக்கு உள்ளாயின. அந்த ஆண்டு வளைகுடாப் போரில் குவைத்தின் அறுநூறுக்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் எரிந்து, பகலை இருளாக்கின. 2001க்குப் பின் ஆப்கானிஸ்தானத்திலும் 2003க்குப் பின் ஈராக்கிலும் பாசறைகளின் குப்பையையெல்லாம் திறந்த பள்ளங்களில் கொட்டி, விமான எரிபொருளை ஊற்றிக் கொளுத்தினர். நெகிழி, மின்கலம், மருத்துவமனைக் கழிவு, வண்ணச் சாயம் யாவும் அதிற் கலந்தன. ஈராக்கின் பலாத் தளத்திலிருந்த பள்ளம் பத்து ஏக்கர் அளவு பரந்தது. அப்புகைக்கு நடுவே வீரர்கள் உண்டனர், உறங்கினர், காவல் நின்றனர். ஊர் திரும்பியபின் ஆறாத மூக்கடைப்பும் தலைவலியும் மூச்சுத்திணறலும் அவர்களைத் தொடர்ந்தன. அப்பள்ளங்களைக் காட்டிக் கேட்ட கோரிக்கைகளில் 2020 வரையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் மறுக்கப்பட்டன.

மறுத்தவர்கள் கொடியவர்கள் என்று எண்ணுவது எளிது, அது நேர்மையாகாது. 2011இலும் 2020இலும் நாட்டின் அறிஞர் குழுக்கள் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து ஆராய்ந்தன. தீராத இருமல், மூச்சுத்திணறல், இளைப்பு ஆகிய அறிகுறிகளுக்கும் அந்நிலப்பகுதியில் பணியாற்றியதற்கும் தொடர்பு உண்டு என்பதற்கு ஓரளவு சான்று இருப்பதாக 2020ஆம் ஆண்டுக் குழு கூறியது. மற்ற நோய்கள் பலவற்றுக்கு, உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. காரணமும் கூறினர். எவன் எத்தனை நாள் எவ்வளவு புகையைச் சுவாசித்தான் என்று அன்று யாரும் அளந்து வைக்கவில்லை. அளக்க வேண்டியது அரசு; அளக்காமையின் தண்டனையோ வீரனுக்கு! சான்று இல்லை என்பது வேறு, தொடர்பு இல்லை என்பது வேறு. இந்த வேறுபாட்டை உணராத அறிவு அரைகுறை அறிவு.

2021 ஆகஸ்டில் துறையே ஒரு விதி செய்தது. அந்நிலப்பகுதிகளிற் பணியாற்றியவர்க்கு, நீங்கிய பத்தாண்டுகளுக்குள் ஆஸ்துமாவோ, நாட்பட்ட மூக்கழற்சியோ, நாட்பட்ட சைனஸ் நோயோ தோன்றினால், அது படைப்பணியால் வந்ததெனவே கொள்ளப்படும் என்றது. 1921ஆம் ஆண்டின் பேரக்குழந்தை இதுவே. அடுத்த ஆண்டில் இதனினும் பரந்த சட்டமொன்று பேரவைக்கு வந்தது. ஈராக்கில் பணியாற்றி, நுரையீரற் புற்றுநோயால் 2020இல் இறந்த ஓஹையோ மாநிலத்துப் படைவீரர் ஹீத் ராபின்சனின் பெயரை அது தாங்கியது. ஜூலை 27ஆம் நாள் மேலவையில் போதிய வாக்கின்றி அது தடைப்பட்டது. முன்னாள் வீரர்கள் பேரவைக் கட்டடத்தின் படிகளிலேயே இரவும் பகலும் தங்கினர். ஆகஸ்டு 2ஆம் நாள் 86க்கு 11 என்ற வாக்கில் அது நிறைவேறியது. 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் பைடன் கையெழுத்திட்டார். பத்தாண்டு வரம்பும் நீங்கியது.

இருப்பினும் முறையீடு முடிந்துவிடவில்லை. புகைப்பள்ளங்களை அறியாத வேறு தளங்களிற் பணியாற்றியவர்கள் இன்றும் மூன்று தூண்களை எழுப்ப வேண்டும். தொடர்பு ஏற்கப்பட்டவரும், பத்தா முப்பதா என்று வாதாட வேண்டும். 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் மறுக்கப்பட்டவருக்கு மூன்று வழிகளை வகுத்தது. புதிய சான்று கிடைத்தால் துணைக் கோரிக்கை. உள்ள சான்றையே மூத்த அலுவலர் ஒருவர் மறுபடி பார்க்கும் மறு ஆய்வு. முறையீட்டு வாரியத்தின் நீதிபதி முன்னர் மேல்முறையீடு. தொகை முதற் கோரிக்கை நாளிலிருந்தே கணக்காக வேண்டுமாயின், ஓராண்டுக்குள் ஏதேனும் ஒரு வழியில் அடியெடுத்து வைக்க வேண்டும். வாரியமும் மறுத்தால் 120 நாட்களுக்குள் தனி நீதிமன்றம் செல்லலாம். எந்தெந்த நாளில் தலைவலி வந்தது, எத்தனை நாள் படுக்கையிற் கிடந்தார், என்ன மருந்து உண்டார் என்று ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்தவர், நினைவை மட்டும் நம்பியவரைவிட நல்ல நிலையில் இருக்கிறார்.

மாணவ நண்பர்களே, இவ்வரலாற்றை நான் ஏன் உங்களுக்குச் சொன்னேன்? அரசு கொடுக்கும் பணத்துக்குச் சான்று கேட்பது தவறன்று. கேட்காவிடில் பொய்யர் வாழ்வர், மெய்யருக்கு எஞ்சாது. ஆனால் சான்றைத் திரட்டும் ஆற்றல் யாரிடம் இருக்கிறதோ, சான்று இல்லாத குறையையும் அவரே சுமக்க வேண்டும் என்பதே இந்த இரண்டு நூற்றாண்டுப் பாடம். ஏடு எழுத வேண்டியவனும், ஏட்டைக் காக்க வேண்டியவனும், காற்றை அளக்க வேண்டியவனும் அரசே. புகையைச் சுவாசித்தவனிடம் இவற்றுக்கெல்லாம் விடை கேட்பது முறையாகாது. 1921இல் ஒரு நோய்க்கும், 1941இல் களத்தில் நின்றவர்க்கும், 1990இல் சமமாக நின்ற ஐயத்துக்கும், 2022இல் புகைக்கும் இவ்வுண்மை சிறிது சிறிதாக ஏற்கப்பட்டது. ஒவ்வொரு படிக்கும் சில ஆண்டுகள் ஆயின. ஒவ்வோர் ஆண்டிலும் சிலர் விடை வருமுன் மறைந்தனர்.

நாளை உங்களில் ஒருவர் மருத்துவராவீர், ஒருவர் அலுவலராவீர், ஒருவர் என்னைப்போலத் தலைமையாசிரியராகவும் ஆகலாம். உங்கள் மேசைக்கு முன்னே ஒருவர் வந்து நின்று, கண்ணுக்குத் தெரியாத வலியொன்றைச் சொல்வார். அவர் சொல்வதை உடனே ஏற்க வேண்டும் என்று நான் கூறவில்லை. மறுப்பதற்கு முன், சான்றைத் தேடும் கடமை அவருடையதா, உங்களுடையதா என்று ஒரு கணம் எண்ணுங்கள். நான் அன்று அந்தப் பையனின் நெற்றியைத் தொட்டேன், மருத்துவரிடம் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அவன் அந்த அரையாண்டுத் தேர்வை எழுதியிருப்பான்.